டிஎன்எஸ் மாத்தியாச்சு, டிக் புது ஐபி காட்டுது, ஆனா என் லினக்ஸ் லேப்டாப்ல மட்டும் பழைய சைட்டே வருது

குழம்பிய_பென்குயின் | மாலை 5:48

வணக்கம் மக்களே, காலைல இருந்து இதோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன், யாராச்சும் கை குடுங்க. என்னோட சின்ன சைட் ஒண்ண பழைய சர்வர்ல இருந்து புது சர்வருக்கு மாத்துனேன். ரெண்டு நாளைக்கு முன்னாடியே டிஎன்எஸ்ல (சைட் பேர ஐபி அட்ரஸா மாத்திக் குடுக்குற அமைப்பு) ஏ ரெக்கார்டோட (பேருக்கு எந்த ஐபின்னு சொல்ற வரி) டிடிஎல்-அ (அந்த பதில எத்தன செகண்டு சேமிச்சு வச்சுக்கலாம்ங்கற கணக்கு) 300க்கு குறைச்சு வச்சுட்டேன், மாத்துன அஞ்சு நிமிஷத்துல எல்லாருக்கும் புதுசு போயிடும்னு ஒரு நம்பிக்கை. இன்னைக்கு காலைல 10 மணிக்கு ஐபி மாத்தியாச்சு. பழசு 192.0.2.10, புதுசு 198.51.100.20. நிஜ ஐபி இல்ல, உதாரணத்துக்குன்னே ஒதுக்கி வச்சிருக்குற ரேஞ்சுல மாத்திப் போட்டிருக்கேன், அத நோண்டாதீங்க.

மேட்டர் என்னன்னா ஃபோன்ல பாத்தா புது சைட் ஜம்முனு வருது, ஃபூட்டர் பச்சை. லேப்டாப்ல பாத்தா அதே நீல ஃபூட்டர், பழைய சைட். உபுண்டு போட்டிருக்கேன். ப்ரவுசர் ஹிஸ்டரி எல்லாம் தொடச்சாச்சு, ப்ரைவேட் விண்டோல பாத்தாச்சு, ரெண்டு தடவ ரீபூட் பண்ணியாச்சு, ரிசால்வ்சிடிஎல் ஃப்ளஷ்-கேச்சஸ் (லேப்டாப்ல சேமிச்சு வச்ச டிஎன்எஸ் பதில்கள, அதாவது கேச்ச, காலி பண்ற கமாண்ட்) அடிச்சாச்சு, அடிச்சதும் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல கேச் சைஸ் 0ன்னு காட்டுது. டிக் (டிஎன்எஸ்ல கேட்டுப் பாக்குற கமாண்ட்) அடிச்சா 198.51.100.20 தான், சரியா இருக்கு. அப்புறம் எதுக்கு பழசு வருது?

இன்னொரு விசித்திரம், பத்து பதினஞ்சு தடவ ரிஃப்ரெஷ் அடிச்சா எப்பயாச்சும் ஒரு தடவ பச்சை வந்துட்டுப் போகுது. அடுத்த ரிஃப்ரெஷ்ல திரும்ப நீலம். பேய் பிடிச்ச மாதிரி இருக்கு.


கேச்_கிளியர் | மாலை 5:55

ப்ரோ இது சிம்பிள், டிஎன்எஸ் கேச். சூடோ போட்டு சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் சிஸ்டம்டி-ரிசால்வ்டி (லேப்டாப்ல டிஎன்எஸ் கேட்டு கேச் பண்ற சர்வீஸ்) அடிங்க, அப்புறம் நெட்வொர்க்மேனேஜரையும் ரீஸ்டார்ட் பண்ணுங்க, சரியாயிடும். எனக்கு எப்பவும் இதான் வேலை செய்யும்.


குழம்பிய_பென்குயின் | மாலை 6:01

பண்ணிட்டேன் ப்ரோ. நீலம். ரீபூட்டே ரெண்டு தடவ பண்ணேன்னு மேல எழுதிருக்கேனே, ரீபூட்டுக்கு மேல ரீஸ்டார்ட் என்ன பண்ணிடப் போகுது.


விண்டோஸ்_விட்டவன் | மாலை 6:04

ப்ரொபகேஷன் நண்பா. டிஎன்எஸ் உலகம் பூரா பரவ 24ல இருந்து 48 மணி நேரம் ஆகும்னு எல்லா ஹோஸ்டிங் ஹெல்ப் பேஜ்லயும் போட்டிருப்பான். தூங்கி எந்திரிச்சு பாருங்க.


டெர்மினல்_தாத்தா | மாலை 6:20

இந்த ப்ரொபகேஷன்ங்கற வார்த்தைய கண்டுபிடிச்சவன் கைல கிடைச்சா நாலு கேள்வி கேக்கணும். டிஎன்எஸ்ல எதுவும் எங்கயும் பரவுறது இல்லப்பா. நீ ரெக்கார்ட மாத்துனா அது உன் நேம்சர்வர்ல (உன் டொமைனோட ரெக்கார்டுகள் இருக்குற மூல சர்வர்) மாறும், அவ்ளோதான். யாரும் ஊர் ஊரா தண்டோரா போட்டு சொல்றது கிடையாது. நடுவுல இருக்குற ரிசால்வர்கள் (உனக்காக டிஎன்எஸ்ல கேட்டுச் சொல்ற சர்வர்கள்) முன்னாடி கேட்டு வாங்குன பழைய காப்பிய வச்சிருக்கும், அதுல எழுதியிருக்குற டிடிஎல் தீர்ந்ததும் தூக்கிப் போட்டுட்டு, யாராச்சும் கேட்டா திரும்ப போய் கேக்கும். 300ன்னா 300 செகண்டு தான்.

48 மணி நேரம்ங்கற கணக்கு எங்கருந்து வந்துச்சுன்னா, காம் டொமைன்களுக்கு மேல இருக்குற சர்வர்கள் உன் நேம்சர்வர் யாருன்னு சொல்ற பதில்ல டிடிஎல் 172800 இருக்கும். வகுத்துப் பாரு, சரியா 48 மணி. அதனால நேம்சர்வரையே மாத்துனா அந்தக் கணக்குல கொஞ்சம் நியாயம் உண்டு. ஏ ரெக்கார்டு மாத்துனதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, அது உன் சொந்த டிடிஎல்.

இப்ப உன் விஷயத்துக்கு வரேன். டிக் சரியா காட்டுது, ப்ரவுசர் தப்பா போகுதுன்னு சொல்ற. இதுலயே பாதி பதில் இருக்கு. டிக் போற வழி வேற, ப்ரவுசர் போற வழி வேற. டிக் நேரா ரிசால்வ்.கான்ஃப் ஃபைல்ல எழுதியிருக்குற டிஎன்எஸ் சர்வருக்கு ஒரு பாக்கெட் அனுப்பி, வந்த பதில அப்படியே கொட்டும். இடிசி ஹோஸ்ட்ஸ் ஃபைல (பேரையும் ஐபியையும் நாமளே கைல எழுதி வைக்கிற இடம்) பாக்காது, என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப் பக்கம் எட்டியே பாக்காது. மத்த ப்ரோக்ராம்ல பெரும்பாலானது ஜிலிப்சியோட (லினக்ஸோட அடிப்படை லைப்ரரி) கெட்அட்ர்இன்ஃபோ ஃபங்ஷன் வழியா போகும், அது என்எஸ்ஸ்விட்ச்ல ஹோஸ்ட்ஸ்னு ஆரம்பிக்கிற வரிய படிச்சு, அதுல என்ன வரிசை போட்டிருக்கோ அந்த வரிசைல கேட்டுட்டுப் போகும், மொதல்ல ஃபைல்ஸ், கடைசில டிஎன்எஸ். அதனால டிக் சரியா காட்டுறதால ப்ரவுசருக்கும் அதே தான் கிடைச்சுருக்கும்னு சொல்ல முடியாது.

ரெண்டு விஷயம் சொல்லு. ஒண்ணு, இடிசி ஹோஸ்ட்ஸ்ல உன் டொமைன் பேர் இருக்கா. ரெண்டு, கெட்என்ட் ஏஹோஸ்ட்ஸ் போட்டு உன் டொமைன் பேர குடுத்தா என்ன வருது. கெட்என்ட் தான் மத்த ப்ரோக்ராம் போற அதே வழில போய் கேக்கும்.


நள்ளிரவு_ரூட் | மாலை 6:26

தாத்தா சொன்னதோட இதையும் செக் பண்ணுங்க: ஃபயர்ஃபாக்ஸ்னா டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ் ஆன்ல இருக்கான்னு செட்டிங்ஸ்ல பாருங்க. அது ஆன்ல இருந்தா ப்ரவுசர் பெரும்பாலும் உங்க சிஸ்டம் ரிசால்வர கண்டுக்காது, தானா வெளிய ஒருத்தன்கிட்ட கேக்கும், நீங்க ரிசால்வ்டிய ஆயிரம் தடவ ஃப்ளஷ் பண்ணாலும் அதுக்கு என்ன. அப்புறம் என்எஸ்சிடி (இன்னொரு கேச் சர்வீஸ்) ஓடுதான்னு பாருங்க. பழைய மெஷின்ல சில நேரம் ரிசால்வ்டியும் என்எஸ்சிடியும் ரெண்டும் ஒண்ணா ஓடும், நீங்க ஒருத்தன் கேச்ச காலி பண்ணிட்டு இன்னொருத்தன விட்டுடுவீங்க. என்எஸ்சிடி டிஸ்க்லயே எழுதி வச்சுக்குற மாதிரி செட் பண்ணியிருந்தா ரீபூட்டுக்கும் அசையாது. காலி பண்ண என்எஸ்சிடி -ஐ ஹோஸ்ட்ஸ்.


குழம்பிய_பென்குயின் | மாலை 6:38

ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல லோக்கல்ஹோஸ்டும் மெஷின் பேரும் தான் இருக்கு. என்எஸ்சிடி இன்ஸ்டாலே இல்ல. ஃபயர்ஃபாக்ஸ்ல அது ஆஃப்ல தான் இருக்கு, தவிர க்ரோமியம்லயும் நீலம் தான் வருது. கெட்என்ட் அடிச்சேன், ஆறு வரி வருது, புது ஐபி இருக்கு. அப்ப சிஸ்டம் சைடு எல்லாம் சரின்னு தானே அர்த்தம்?


நிலா_டெர்மினல் | மாலை 6:41

ஆறு வரியையும் அப்படியே பேஸ்ட் பண்ணுங்க. "புது ஐபி இருக்கு"ன்னு நீங்க சுருக்கி சொல்றது வேணாம்.


கேச்_கிளியர் | மாலை 6:43

க்ரோமியம்னா நெட்-இன்டர்னல்ஸ் பேஜ்ல டிஎன்எஸ் டேப்ல க்ளியர் ஹோஸ்ட் கேச்னு ஒரு பட்டன் இருக்கும் ப்ரோ, அத அமுக்கிட்டு பக்கத்துல சாக்கெட்ஸ் டேப்ல ஃப்ளஷ் சாக்கெட் பூல்ஸும் அமுக்குங்க.


நிலா_டெர்மினல் | மாலை 6:46

@கேச்_கிளியர் சாக்கெட் பாயின்ட் நல்ல பாயின்ட் தான், பேர் சரியா மாறியிருந்தாலும் ஏற்கெனவே திறந்து வச்ச கனெக்ஷன் பழைய சர்வரோடவே பேசிட்டு இருக்கும். ஆனா இவர் ரீபூட் பண்ணியிருக்கார், அதுல எல்லா கனெக்ஷனும் செத்திருக்கும். பேஸ்ட் வரட்டும்.


குழம்பிய_பென்குயின் | மாலை 6:52

சரிங்க, இதோ:

2001:டிபி8::10 ஸ்ட்ரீம்
2001:டிபி8::10 டிஜிராம்
2001:டிபி8::10 ரா
198.51.100.20 ஸ்ட்ரீம்
198.51.100.20 டிஜிராம்
198.51.100.20 ரா

மேல இருக்குற மூணும் ஐபிவி6, அது எப்பவும் வரும்ல, அத நான் கண்டுக்கல.


நிலா_டெர்மினல் | மாலை 6:55

எப்பவும் எல்லாம் வராதுங்க. யாராச்சும் ரெக்கார்டு போட்டிருந்தா தான் வரும். அந்த 2001:டிபி8::10 எந்த சர்வரோடது?


குழம்பிய_பென்குயின் | மாலை 7:02

அடக் கடவுளே.

பழைய சர்வரோடது.


டெர்மினல்_தாத்தா | மாலை 7:05

ஹாஹாஹா. நிலாம்மா பிடிச்சுட்டா. நான் ஹோஸ்ட்ஸ் ஃபைலா தான் இருக்கும்னு பந்தயமே கட்டியிருப்பேன்.


நிலா_டெர்மினல் | மாலை 7:14

பயப்படாதீங்க, சர்வர் மாத்துறப்ப எல்லாரும் ஒரு தடவையாச்சும் பண்ற தப்பு தான். என்ன நடக்குதுன்னு சொல்றேன்.

உங்க டொமைனுக்கு ரெண்டு அட்ரஸ் இருக்கு, ஏ ரெக்கார்டுல வி4 (பழைய வகை ஐபி), நாலு-ஏ (ஏஏஏஏ) ரெக்கார்டுல வி6 (புது வகை நீள ஐபி). நீங்க ஏ-வ மட்டும் மாத்திட்டீங்க. டிக்ல ஒண்ணும் சொல்லாம வெறும் பேர் மட்டும் குடுத்தா அது ஏ ரெக்கார்டு மட்டும் தான் கேக்கும், அதனால காலைல இருந்து உங்களுக்கு அது நல்ல பதிலாவே சொல்லிட்டு இருந்திருக்கு. கேட்ட கேள்விக்கு சரியான பதில், கேள்வி தான் பாதி. ப்ரவுசர் ரெண்டையும் கேக்கும். உங்க வைஃபைல வி6 வேலை செய்யுது, அதனால வி6 அட்ரஸ் லிஸ்ட்ல மேல வந்து உக்காருது, அந்த ஆறு வரில வரிசையப் பாருங்க.

இப்ப அந்த பேய் கதை. ஹேப்பி ஐபால்ஸ்னு ஒரு முறை இருக்கு, ஆர்எஃப்சி 8305ங்கற இணைய விதி ஆவணத்துல. ப்ரவுசர் மொதல்ல வி6க்கு கனெக்ஷன் போட்டுப் பாக்கும், கால் செகண்டு மாதிரி கொஞ்ச நேரம் காத்துருக்கும், அதுக்குள்ள பதில் வரலன்னா வி4க்கும் ஒண்ணு போடும், எது மொதல்ல வருதோ அத வச்சுக்கும். உங்க பழைய சர்வர் இன்னும் உயிரோட தான் இருக்கு, அதனால கிட்டத்தட்ட எப்பவும் வி6 ஜெயிக்குது, நீல ஃபூட்டர். எப்பயாச்சும் வைஃபை கொஞ்சம் தடுமாறி அந்த மொத பாக்கெட் தொலைஞ்சா வி4 ஜெயிக்குது, பச்சை. பழைய சர்வர ஆஃப் பண்ணியிருந்தீங்கன்னா இந்தப் பிரச்சனை உங்களுக்கு தெரிஞ்சே இருக்காது, சைட் ஒரு இம்மி ஸ்லோவா வருதுன்னு மட்டும் தோணியிருக்கும்.

ஃபோன் எந்த நெட்வொர்க்ல இருந்துச்சு?


குழம்பிய_பென்குயின் | மாலை 7:19

ஃபோன்ல விபிஎன் ஓடிட்டு இருந்துச்சுங்க, அதுல வி6 கிடையாது. எல்லாம் கோர்வையா வருது இப்ப. பழைய சர்வர் வாங்குனப்ப அந்த நாலு-ஏ ரெக்கார்ட நானே தான் போட்டேன், சுத்தமா மறந்து போச்சு. டிஎன்எஸ் பேனல்ல ஸ்க்ரோல் பண்ணா கீழ இருக்கு. புது சர்வர்ல இன்னும் வி6 செட் பண்ணல, அதனால இப்போதைக்கு அத டிலீட் பண்ணிட்டேன். நன்றிங்க எல்லாருக்கும், இழைய மூடிடலாம்.


குழம்பிய_பென்குயின் | மாலை 7:47

மூடாதீங்க மூடாதீங்க. டிலீட் பண்ணி அரை மணி நேரம் ஆச்சு, ஃப்ளஷ் பண்ணேன், இன்னும் நீலம். கெட்என்ட்ல இன்னும் அந்த மூணு வி6 வரி வருது. டிடிஎல் 300 தானே?


டெர்மினல்_தாத்தா | மாலை 7:53

டிடிஎல் ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் தனித்தனி. நீ 300ன்னு குறைச்சது ஏ-வுக்கு. நாலு-ஏக்கு எவ்ளோ வச்சிருந்த?


குழம்பிய_பென்குயின் | மாலை 7:56

டிலீட் பண்ணிட்டேனே, இப்ப பேனல்ல காட்டாது. எனக்கு ஞாபகம் இல்ல, டீஃபால்ட்டா என்ன இருந்துச்சோ அது.


நள்ளிரவு_ரூட் | இரவு 8:00

ஞாபகம் தேவையில்ல, கேச்சே சொல்லும். மொதல்ல உங்க நேம்சர்வர்கிட்ட நேரா கேளுங்க: டிக் போட்டு, @ குறி போட்டு உங்க நேம்சர்வர் பேரு, அப்புறம் டொமைன், அப்புறம் ஏஏஏஏ. அதுல ஆன்சர் செக்ஷனே இல்லாம, அத்தாரிட்டில எஸ்ஓஏ (டொமைனோட பொது விவர ரெக்கார்டு) மட்டும் வந்தா, மேல ஃப்ளாக்ஸ்ல ஏஏ-ன்னு இருந்தா, மூலத்துல டிலீட் ஆயிடுச்சு. (இந்த ஏஏ அத்தாரிட்டேட்டிவ் ஆன்சர்னு அர்த்தம், ரெக்கார்டு பேரோட குழப்பிக்காதீங்க.) அப்புறம் அதே கேள்விய உங்க ரவுட்டர்கிட்ட கேளுங்க. அதையே கொஞ்சம் விட்டு ரெண்டாவது தடவையும் கேளுங்க, நடுவுல இருக்குற நம்பர (அதான் டிடிஎல்) மட்டும் பாருங்க.


குழம்பிய_பென்குயின் | இரவு 8:06

நேம்சர்வர்ல ஆன்சர் இல்ல, ஏஏ இருக்கு. டிலீட் ஆயிடுச்சு.

ரவுட்டர் 192.168.1.1. மொத தடவ 2001:டிபி8::10 வருது, நம்பர் 9143. இருபது செகண்டு கழிச்சு 9123.

இருங்க, இந்த நம்பர் குறைஞ்சுட்டே வருது! அதுக்கு மேல ரெண்டு தடவ அடிச்சேன், 9117, 9110.


நள்ளிரவு_ரூட் | இரவு 8:11

அதே தான். நம்பர் குறைஞ்சா நீங்க பேசிட்டு இருக்குறது ஒரு கேச்சோட. மூலத்துல கேட்டா எத்தன தடவ கேட்டாலும் அதே முழு நம்பர் வரும். 9143 செகண்டுன்னா ரெண்டு மணி முப்பத்திரண்டு நிமிஷம் சொச்சம், ராத்திரி 10:38 வாக்குல தீரும். அனேகமா 14400, அதாவது நாலு மணி நேரம் டீஃபால்ட் வச்சிருப்பீங்க.

நீங்க லேப்டாப்ல ரிசால்வ்டிய காலி பண்றீங்க, அது சமர்த்தா ரவுட்டர்கிட்ட போய் கேக்குது, ரவுட்டர் தன்கிட்ட இருக்குற பழசயோ, அதுக்கு மேல உங்க நெட் குடுக்குறவங்க ரிசால்வர்ல இருக்குற பழசயோ தூக்கிக் குடுக்குது. ரிசால்வ்சிடிஎல் க்வெரி அடிச்சுப் பாருங்க, ஃப்ளஷ் பண்ண உடனே அடிச்சா கடைசி வரில டேட்டா ஃப்ரம் நெட்வொர்க்னு வரும், இன்னொரு தடவ அடிச்சா ஃப்ரம் கேச்னு வரும். நெட்வொர்க்குன்னு போட்டிருந்தாலும் அது புதுசுன்னு அர்த்தம் இல்ல, பக்கத்து ஆளோட கேச்ல இருந்து வந்த நெட்வொர்க்.


விண்டோஸ்_விட்டவன் | இரவு 8:15

அப்ப கடைசில வெயிட் பண்ணனும்னு நான் சொன்னது சரி தானே 😄


டெர்மினல்_தாத்தா | இரவு 8:17

நீ சொன்னது 48 மணி. அவன் காலைல இருந்து 48 மணி காத்திருந்தாலும் நாலு-ஏ அங்கயே தான் இருந்திருக்கும், யாரும் டிலீட் பண்ணிருக்க மாட்டாங்க. நின்ன கடிகாரமும் ஒரு நாளைக்கு ரெண்டு தடவ சரியா காட்டும்பா.


குழம்பிய_பென்குயின் | இரவு 8:21

10:38 வரைக்கும் காத்திருக்கணுமா? ஒருத்தருக்கு சைட்ட காட்டணும் ஒம்போது மணிக்கு, வீடியோ கால்ல என் ஸ்கிரீன ஷேர் பண்ணி. ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல புது ஐபிய போட்டுடவா?


டெர்மினல்_தாத்தா | இரவு 8:32

போடாத. வேலை செய்யும், அது தான் பிரச்சனை. என் கதைய கேளு. ஒரு தடவ இதே மாதிரி மைக்ரேஷன் அப்ப அவசரத்துக்கு ஹோஸ்ட்ஸ்ல ஒரு வரி போட்டேன், நாளைக்கு எடுத்துடலாம்னு. மறந்தாச்சு. எட்டு ஒம்போது மாசம் கழிச்சு சர்வர் இன்னொரு தடவ மாறுது, ஊருக்கே சைட் வருது எனக்கு மட்டும் வரல, நான் போய் நேம்சர்வர் வச்சிருந்தவன்கிட்ட ஒரு நாள் பூரா சண்டை போட்டுட்டு இருக்கேன், உன் சர்வர்ல தான் கோளாறுன்னு. அவன் பாவம் கடைசில மெதுவா கேட்டான், ஹோஸ்ட்ஸ் ஃபைல் பாத்தீங்களான்னு. அன்னைலேர்ந்து அந்த ஃபைல்ல நான் எழுதுற ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல தேதி போட்டு வைப்பேன்.

கர்ல் (டெர்மினல்ல இருந்தே சைட்ட எடுத்துப் பாக்குற கமாண்ட்) மட்டும் போதும்னா --ரிசால்வ்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, டொமைன், போர்ட், ஐபி மூணையும் கோலன் போட்டு குடுத்தா அந்த ஒரு தடவைக்கு மட்டும் அந்த ஐபிக்கு போகும். வெறும் வி4 போதும்னா கர்ல் -4. ரெண்டுமே எதையும் விட்டுட்டுப் போகாது. ப்ரவுசர்ல காட்டணும்னா தான் வேற வழி.


நிலா_டெர்மினல் | இரவு 8:36

ப்ரவுசருக்கு: இப்போதைக்கு ரவுட்டர தாண்டிப் போங்க. ரிசால்வ்சிடிஎல் டிஎன்எஸ், அடுத்து வைஃபை இன்டர்ஃபேஸ் பேரு, அடுத்து 1.1.1.1 (க்ளவுட்ஃப்ளேரோட பொது ரிசால்வர்). வைஃபை துண்டிச்சு திரும்ப கனெக்ட் பண்ணா இது தானா போயிடும், அதனால மறந்தாலும் பிரச்சனை இல்ல. அப்புறம் ஒரு ஃப்ளஷ். 1.1.1.1லயும் பழசு தங்கியிருந்தா அவங்களுக்கு பர்ஜ் கேச்னு ஒரு பேஜ் இருக்கு, டொமைன் பேரும் ரெக்கார்டு டைப்பும் குடுத்தா அவங்க கேச்ல இருந்து எடுத்துடுவாங்க, கூகுளோட 8.8.8.8க்கும் அதே மாதிரி ஒரு ஃப்ளஷ் பேஜ் உண்டு. மறக்காம டைப்புல ஏஏஏஏ செலக்ட் பண்ணுங்க, இல்லன்னா காலைல பண்ண அதே தப்பு.


மூணாவது_பைட் | இரவு 8:44

இழைக்கு நடுவுல புகுந்ததுக்கு மன்னிக்கணும், எனக்கு இதோட ஒன்னுவிட்ட தம்பி மாதிரி ஒரு பிரச்சனை. புதுசா ஒரு சப்டொமைன் போட்டேன். ரெக்கார்டு சேவ் பண்றதுக்கு முன்னாடியே ஆர்வக்கோளாறுல ப்ரவுசர்ல டைப் பண்ணிட்டேன். இப்ப ரெக்கார்டு போட்டு அஞ்சு நிமிஷம் ஆச்சு, இன்னும் அப்படி ஒரு பேரே இல்லன்னு சொல்லுது. இல்லாத ரெக்கார்டுக்கு எங்கருந்து டிடிஎல் வரும்?


டெர்மினல்_தாத்தா | இரவு 8:52

நல்ல கேள்வி. "இல்ல"ங்கறதும் ஒரு பதில் தான், அதையும் கேச் பண்ணுவாங்க. 1998ல வந்த ஆர்எஃப்சி 2308ல அதுக்கு விதி இருக்கு. "இல்ல"ன்னு சொல்றப்ப உன் நேம்சர்வர் கூடவே எஸ்ஓஏ ரெக்கார்ட அனுப்பும், அதோட கடைசி நம்பர், அந்த எஸ்ஓஏவோட டிடிஎல், ரெண்டுல எது சின்னதோ அவ்ளோ நேரம் "இல்ல" நிக்கும். டிக் போட்டு எஸ்ஓஏ கேட்டு பாரு, கடைசி நம்பர் 3600ன்னு இருந்தா ஒரு மணி நேரம் அனுபவி. இதுக்கு மட்டும் லோக்கல்ல ஃப்ளஷ் அடிச்சா சில சமயம் சரியாகும், "இல்ல" உன் லேப்டாப்ல மட்டும் தங்கியிருந்தா. பெரும்பாலும் மேலயும் தங்கியிருக்கும்.

அடுத்த தடவ ரெக்கார்ட சேவ் பண்ணிட்டு, நேம்சர்வர்கிட்ட நேரா கேட்டு வந்துருச்சான்னு பாத்துட்டு, அப்புறம் ப்ரவுசர தொடு. பொங்குற பால திறந்து திறந்து பாக்குற மாதிரி பாக்காத.


மூணாவது_பைட் | இரவு 8:58

1800 தாத்தா. இன்னும் பத்து நிமிஷம் கூட இல்ல, காத்திருக்கேன். கை நமநமங்குது.


கேச்_கிளியர் | இரவு 9:20

ஒரு டவுட், நக்கல் எல்லாம் இல்ல நெஜமா தான் கேக்குறேன். அப்ப நான் இவ்ளோ நாளா ஃப்ளஷ் அடிச்சு சரியானது எல்லாம் எப்படி சரியாச்சு?


நள்ளிரவு_ரூட் | இரவு 9:27

சில தடவ நெஜமாவே உங்க ரிசால்வ்டில பழசு இருந்திருக்கும். பல தடவ நீங்க கமாண்ட தேடி, அடிச்சு, பாஸ்வேர்ட் போட்டு, ப்ரவுசர் திறக்குறதுக்குள்ள டிடிஎல் தானா தீர்ந்திருக்கும், பேர் ஃப்ளஷுக்கு போயிருக்கும் 🙂

இன்னொன்னும் சொல்றேன். ஜிலிப்சி தானா எதையும் கேச் பண்ணாது. ரிசால்வ்டி, என்எஸ்சிடி, டிஎன்எஸ்மாஸ்க், அன்பவுண்டு மாதிரி கேச் பண்ற ப்ரோக்ராம் எதுவும் ஓடாத லினக்ஸ் மெஷின்ல ஒவ்வொரு கேள்வியும் நேரா வெளிய போகும், அங்க ஃப்ளஷ் பண்ண ஒண்ணுமே இல்ல. ரிசால்வ்.கான்ஃப் எடுத்துப் பாருங்க, 127.0.0.53 இருந்தா ரிசால்வ்டி, வேற ஏதாச்சும் 127ல ஆரம்பிச்சா லோக்கல்ல யாரோ ஒருத்தர் கேட்டுட்டு இருக்காரு, எஸ்எஸ் கமாண்டுல போர்ட் 53ல யாருன்னு பாக்கலாம். டிஎன்எஸ்மாஸ்க்னா சிக்ஹப் சிக்னல் அனுப்புனா காலி பண்ணிக்கும், அன்பவுண்டுன்னா அன்பவுண்டு-கன்ட்ரோல்ல ஃப்ளஷ் போட்டு பேர குடுங்க. ரவுட்டர் ஐபி இருந்தா உங்க மெஷின்ல கேச்சே இல்லாம இருக்கலாம்.


குழம்பிய_பென்குயின் | இரவு 9:41

கால் முடிஞ்சுது. 1.1.1.1க்கு மாத்தி ஃப்ளஷ் பண்ணேன், அங்க பழசு இல்ல, மொத தடவையே பச்சை வந்துச்சு. நிலாங்க, பெரிய உதவி. ரவுட்டர்ல இன்னும் ஓடிட்டு இருக்கு, இப்ப 3402. இதப் பாத்துட்டே இருக்கலாம் போல, ராக்கெட் விடுற மாதிரி.


நிலா_டெர்மினல் | இரவு 9:45

பழைய சர்வர உடனே ஆஃப் பண்ணிடாதீங்க. உங்க ரவுட்டர் மாதிரி உலகத்துல எத்தனையோ கேச்ல அது இன்னும் இருக்கும், அவங்க எல்லாம் வி6ல பழசுக்கு தான் வந்துட்டு இருப்பாங்க. நாலு மணி நேரம் முடியட்டும், அதுக்கு மேலயும் கொஞ்சம் விடுங்க, சில ரிசால்வர் மூலத்த பிடிக்க முடியலன்னா காலாவதியான பதிலயே குடுக்கும், ஆர்எஃப்சி 8767 அதுக்கு அனுமதியே குடுத்திருக்கு. பழைய சர்வரோட ஆக்சஸ் லாக்க டெயில் போட்டு பாருங்க, ஆள் வரத்து நின்னதும் மூடுங்க.


குழம்பிய_பென்குயின் | இரவு 10:40

10:38க்கு தீர்ந்துச்சு!! வைஃபைய துண்டிச்சு திரும்ப ரவுட்டருக்கே வந்து கெட்என்ட் அடிச்சேன், மூணே வரி, மூணும் 198.51.100.20.


மூணாவது_பைட் | இரவு 10:44

வாழ்த்துக்கள். என்னோடதும் 9:08க்கே வந்துருச்சு, சொல்ல மறந்துட்டேன்.


குழம்பிய_பென்குயின் | மறுநாள் காலை 9:12

ஒரு அப்டேட். காலைல பழைய சர்வர் லாக்க பாத்தேன். ராத்திரி 11:20க்கு மேல மனுஷங்க யாரும் வரல. ஆனா ஒரே ஒரு அட்ரஸ்ல இருந்து மட்டும் நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு கரெக்டா வந்துட்டே இருக்கு, விடிய விடிய. எவன்டா இவன் இன்னும் டிடிஎல் மதிக்காதவன்னு கடுப்பாகி ஐபிய தேடுனா, என்னோடதே தான். சைட் உயிரோட இருக்கான்னு பாக்க நான் எழுதி இன்னொரு மெஷின்ல ஓட விட்ட பைத்தான் ஸ்கிரிப்ட். மூணு மாசமா நிக்காம ஓடுது.


நள்ளிரவு_ரூட் | மறுநாள் காலை 9:20

ஸ்டார்ட் ஆகுறப்ப ஒரு தடவ பேர ஐபியா மாத்தி வேரியபிள்ல வச்சுக்கிட்டீங்களா, இல்ல ஒரே கனெக்ஷன திறந்தே வச்சிருக்கா?


குழம்பிய_பென்குயின் | மறுநாள் காலை 9:26

வேரியபிள். லூப்புக்கு வெளிய. ஒவ்வொரு தடவையும் டிஎன்எஸ் கேக்குறது வேஸ்ட்னு பக்கத்துல கமென்ட் வேற எழுதி வச்சிருக்கேன்.

அந்த வரிய லூப்புக்கு உள்ள தள்ளி திரும்ப ஓட விட்டாச்சு. பழைய சர்வர் லாக் இப்ப அஞ்சு நிமிஷமா அசையல.